ஆடை பேசினால் கேட்பவர் யார்?

(இளநிலை மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் என்று மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துச் சொல்வது வழக்கம். இவற்றுள் உணவைப் பற்றிப் பேசாத நாளில்லை. வீட்டைப் பற்றிக் கனவு காணாத குடும்பமில்லை. நடுவில் நிற்கும் உடையைப் பற்றி மட்டும் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தீபாவளிக்கு முன்பு ஒரு வாரம் சிந்திக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். மானம் காப்பதும், குளிரைத் தடுப்பதும், வெயிலை மறைப்பதும், பத்துப் பேர் நடுவே நம்மைப் பாங்காகக் காட்டுவதும் அதன் கடமை. அதற்கு மேல் அதனிடம் நாம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

இன்று அந்த உடைக்கு உணர்வு வந்திருக்கிறது. இதயத் துடிப்பை எண்ணும் பனியன், மூச்சை அளக்கும் மார்புப் பட்டை, உடல் சூடானால் தானே வழிவிடும் துணி என்று அறிவியல் அடுக்கிக்கொண்டே போகிறது. சென்சார் என்று நாம் சொல்லும் உணரிகள் துணியோடு துணியாக இணைக்கப்படுகின்றன. நம் தேர்வுக் கூடத்தில் எல்லோரும் இத்தகைய சட்டை அணிந்து உட்கார்ந்தால், வினாத்தாள் கைக்கு வரும் அந்த ஒரு நிமிடத்தில் பதிவாகும் துடிப்புகளை வைத்தே யார் யார் படித்து வந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். பேராசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் தொல்லைகூட இராது!

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஆடைகளைப் பற்றி வரும் கட்டுரைகளும் விளம்பரங்களும் ஆடை என்னவெல்லாம் அறிகிறது என்பதையே வியந்து பேசுகின்றன. அறிந்ததை அது யாரிடம் சொல்கிறது? கேட்டவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர்? இந்த இரண்டு கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றையே இக்கட்டுரையில் என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் ஆராய விரும்புகிறேன்.

போர்க்களத்துக்காகப் பிறந்த பனியன்

உணர்வுடைய ஆடையின் வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு 1996. அமெரிக்கக் கடற்படையின் நிதி உதவியோடு, அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன். 1976-இல் இளநிலைப் பட்டமும் 1978-இல் முதுநிலைப் பட்டமும் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றவர் அவர். அவரோடு இணைந்து உழைத்தவர்களுள் முதன்மையானவர் சங்மி பார்க் என்னும் பெண் ஆய்வாளர்.

அவர்கள் முன் இருந்த சிக்கல் இதுதான். போர்க்களத்தில் பல வீரர்கள் ஒரே நேரத்தில் அடிபட்டு விழுகிறார்கள். மருத்துவர் யாரிடம் முதலில் ஓட வேண்டும்? காயம் பட்ட முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் உதவியே பல உயிர்களைக் காக்கிறது. எட்டத்தில் கிடப்பவனின் நிலையை அவன் சட்டையே சொல்லிவிட்டால்?

அதற்காக அவர்கள் நெய்த சட்டையில் ஒளியைக் கடத்தும் பிளாஸ்டிக் இழை உடல் முழுவதும் ஓடியது. குண்டு துளைத்தால் அந்த இழை அறுபடும், ஒளி தடைபடும், எங்கே துளைத்தது என்பது தெரிந்துவிடும். கூடவே மின்சாரத்தைக் கடத்தும் இழைகளும் நெய்யப்பட்டன. இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றை அறியும் உணரிகளை இந்த இழைகளில் வேண்டிய இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். செய்தி இழை வழியாகவே ஓடி, இடுப்பில் செருகிய சிறு கருவியை அடைந்து, அங்கிருந்து வானலையில் பறக்கும். கணினிக்குள் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். ஆகவே இதற்கு 'அணியக்கூடிய மதர்போர்டு' என்று பெயர் சூட்டினார்கள்.

இதில் நெசவு அறிந்தவர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. துணியை நெய்து, வெட்டி, தைத்தால் வெட்டிய இடத்தில் இழை அறுந்துபோகும். செய்தியும் அங்கேயே நின்றுபோகும். எனவே வெட்டும் தையலும் இன்றி, தறியிலேயே முழுச் சட்டையாக நெய்து எடுக்கும் முறையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பாவும் ஊடையும் நம்மவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்தவை. அந்தப் பாவிலும் ஊடையிலும் கணினியின் நரம்பை ஓட்டியது புதுமை. கையில்லாத அந்தச் சட்டை பார்வைக்கு நம் தாத்தாக்கள் அணியும் பனியனைப் போலவே இருந்தது என்பது இன்னும் சுவையான செய்தி.

வியர்வைக்குத் திறக்கும் சாளரம்

செய்தி சொல்லும் ஆடை ஒரு வகை. தானே தன்னை மாற்றிக்கொள்ளும் ஆடை இன்னொரு வகை.

பனிக்கட்டி முழுவதும் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை உயர்வதில்லை என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். கொடுக்கும் வெப்பமெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். தோலின் வெப்பத்தை ஒட்டி உருகக்கூடிய மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளில் அடைத்துத் துணியில் சேர்த்தால் என்ன ஆகும்? உடல் சூடேறும்போது மெழுகு உருகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். குளிரும்போது உறைந்து வெப்பத்தைத் திருப்பித் தரும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவில் 1980-களில் ஆராயப்பட்ட இந்த முறை, பின்னர் கையுறைகளுக்கும் மேலாடைகளுக்கும் மெத்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் மெழுகு முழுவதும் உருகிய பிறகு அதனால் பயனில்லை. சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அது சில நிமிடத் துணையே.

2019-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். நீரை விரும்பும் பொருள் ஒன்றும் நீரை வெறுக்கும் பொருள் ஒன்றும் சேர்ந்த இழை அது. அதன்மேல் கார்பன் நானோ குழாய்களைப் பூசினார்கள். வியர்வையின் ஈரம் பட்டதும் இழை முறுக்கிக்கொள்கிறது. நூலின் இழைகள் நெருங்குகின்றன. துணியில் கண்கள் திறக்கின்றன. அத்துடன் உடலிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை விடும் அளவும் மாறுகிறது. இந்த மாற்றம் 35 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பேட்டரி இல்லை, பொத்தான் இல்லை. வியர்வையே சாவி. துணியே சாளரம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

யாருக்குத் தேவை?

கனடா நாட்டு விண்வெளி வீரர் டேவிட் செயின்ட் ஜாக் 2019-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இத்தகைய சட்டை ஒன்றை அணிந்தார். அவருடைய துடிப்பும் மூச்சும் வெப்பமும் பூமியில் உள்ள மருத்துவர்களுக்குக் கிடைத்தன. விளையாட்டு வீரர்கள் அணிகிறார்கள். வசதி படைத்தவர்கள் காலை நடைப்பயிற்சிக்கு அணியலாம். இவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும், மகிழ்ச்சி.

ஆனால் உடம்பின் சூட்டை ஒவ்வொரு நிமிடமும் அறிந்தாக வேண்டிய தேவை யாருக்கு உண்டு? சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதாகக் கண்டார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வெப்பத்தில் உழைக்கும் உடல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை வெளியேற்ற முயல்கிறது. அதற்காக இதயம் விரைந்து துடிக்கிறது. வியர்வை வழிந்து நீர் குறைகிறது. மயங்கி விழுவதற்கு வெகு நேரம் முன்பே இதயத் துடிப்பு எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த சட்டை உப்பளத்திலும் செங்கற் சூளையிலும் தார்ச் சாலையிலும் இருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்ததை எண்ணும்போது இதன் தேவை இன்னும் விளங்கும்.

அப்படியானால் எல்லாத் தொழிலாளர்க்கும் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? தீராது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

துவைக்கும் கல்லும் செயலியும்

முதலில் ஒரு நடைமுறைத் தடை. 2017-இல் லீவைஸ் நிறுவனமும் கூகுள் நிறுவனமும் கூட்டாக ஒரு மேலாடையை விற்பனைக்குக் கொண்டுவந்தன. விலை 350 டாலர். அதன் இடது கையோரத்தில் மின்னிழைகள் நெய்யப்பட்டிருந்தன. அங்கே தடவினால் கைப்பேசியில் பாட்டு மாறும், வழி கேட்கும். உடல்நலத்துக்கான ஆடையன்று அது. எனினும் அதன் கதை நமக்குப் பாடம். அது சுமார் பத்து சலவைகள் தாங்கும் என்றே சொல்லப்பட்டது. நம் ஊரில் துவைக்கும் கல்லில் ஒரு மாதம் அடிவாங்கினால் அதன் அறிவு முழுவதும் கால்வாயோடு போய்விடும். 2023-இல் அதற்குரிய செயலியும் நிறுத்தப்பட்டது. துணி கிழியவில்லை, நிறம் மங்கவில்லை, ஆயினும் அதன் உணர்வு செத்துவிட்டது.

நம் வீடுகளில் ஒரு துணிக்குப் பல பிறவிகள் உண்டு. அண்ணன் அணிந்தது தம்பிக்கு வரும், பிறகு தலையணை உறையாகும், கடைசியில் கரித்துணியாகும். எங்கோ இருக்கும் நிறுவனம் விளக்கை அணைத்தால் செத்துப்போகும் ஆடையை ஏழைத் தொழிலாளியின் உயிருக்குக் காவலாக எப்படி நிறுத்துவது?

காலுக்குத் தெரிந்த செய்தி

அடுத்தது இதைவிடப் பெரிய தடை. உடம்பு எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

என் அக்கா 2018-லும் 2019-லும் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலைகளை விரித்துக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. இரவு வீட்டுக்கு வந்ததும் அம்மா கல்லுப்புப் போட்ட வெந்நீரில் அக்காவின் கால்களை வைப்பார். கணுக்கால் வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தை அளக்க எந்த உணரியும் தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கடையின் மேற்பார்வையாளருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நாற்காலி வரவில்லை.

நாற்காலி எப்படி வந்தது? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தருவது கடமை என்று ஆக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018-இல், கேரளம் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஜவுளிக்கடைப் பெண்களும் தொழிற்சங்கங்களும் எழுப்பிய குரல் அதற்குப் பின்னால் இருந்தது. கால் சொன்ன செய்தி கடை முதலாளியின் காதில் ஏற ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இதை எங்கள் விடுதியில் நண்பர்களோடு வாதிட்டபோது, கணினி அறிவியல் படிக்கும் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "உன் அக்கா கால் வலிக்குதுன்னு சொன்னா 'நடிக்கிறா'ன்னு சொல்லிடுவாங்க. சட்டை ஒரு நம்பரைக் காட்டினா யாரும் மறுக்க முடியாது. ஏழை பேச்சை நம்பாத ஊரு நம்பரை நம்பும்டா" என்றார். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. மயங்கி விழுந்தவரைப் பார்த்து 'காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோரின் வாயை அடைக்க, அன்றைய துடிப்பின் பதிவு ஒரு நல்ல சாட்சி. ஆனால் சாட்சி யார் பக்கத்தில் நிற்கிறது என்பதை அன்றோ பார்க்க வேண்டும்!

யாருடைய துடிப்பு?

அதே பதிவு முதலாளியின் மேசைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலாளியின் இதயம் மற்றவர்களைவிட வேகமாகத் துடிக்கிறது. நாளைக்கு ஏதேனும் ஆனால் நமக்குத் தொல்லை. அடுத்த மாதம் முதல் இவர் வேண்டாம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இவர் பிற்பகலில் பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்திருக்கிறார், கூலியில் பிடித்துக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கருவுற்ற பெண் வீட்டாரிடம் சொல்வதற்கு முன்பே அவளுடைய பனியன் நிர்வாகத்திடம் சொல்லிவிடக்கூடும். காக்க வந்த ஆடையே காட்டிக்கொடுக்கும் ஆடையாக மாறுவதற்கு ஒரு நூல்கூட மாற வேண்டியதில்லை. செய்தி போகும் திசை மாறினால் போதும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2023-இல் நம் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரைப் பற்றிய தரவை அவருடைய இசைவோடு பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அதன் ஏழாம் பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் இசைவு கேட்காமலேயே தரவைப் பயன்படுத்த அந்தப் பிரிவு இடம் தருகிறது. உணர்வுள்ள சீருடை தொழிற்சாலைக்கு வரும்போது அந்த வாசல் எவ்வளவு அகலமாகும் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

பிறர் சட்டைப் பையில் கைவிட்டுப் பணம் எடுப்பவனைத் திருடன் என்கிறோம். சட்டையின் இழையில் கைவிட்டு இதயத் துடிப்பை எடுப்பவனுக்கு இன்னும் நாம் பெயர் வைக்கவில்லை.

என் கருத்து

அறிவியலின் மீது எனக்கு அவநம்பிக்கை இல்லை. இந்த ஆடைகள் வர வேண்டும் என்றே விரும்புகிறேன். வருகிறபோது நான்கு நிபந்தனைகளோடு வர வேண்டும்.

முதலாவது, ஆடை தன் செய்தியை அணிந்தவருக்கே முதலில் சொல்ல வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், ஒரு நிறத்தாலோ ஒலியாலோ சொல்ல வேண்டும். மருத்துவருக்கோ வேறு எவருக்கோ சொல்வது அவர் விருப்பம்.

இரண்டாவது, 'ஓய்வெடு' என்று ஆடை சொன்னால் ஓய்வெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். அந்த ஓய்வுக்குக் கூலி குறையக் கூடாது. நிழலும் குடிநீரும் கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் 'நிழலுக்குப் போ' என்று அறிவுரை சொல்லும் சட்டை, பசித்தவனிடம் சமையல் குறிப்பு படிப்பதற்குச் சமம்.

மூன்றாவது, அணிய மறுத்தாலோ, ஆடை சொன்ன செய்தியாலோ ஒருவர் வேலை இழக்கக் கூடாது. இது வேண்டுகோளாக இருந்தால் போதாது. நாற்காலியைப் போலச் சட்டமாக வேண்டும்.

நான்காவது, ஆடை துவைக்கத் தக்கதாகவும், பழுது பார்க்கத் தக்கதாகவும், ஒரு நிறுவனத்தின் செயலி நின்றால் தானும் நின்றுவிடாததாகவும் இருக்க வேண்டும். வியர்வைக்குத் தானே திறக்கும் அந்த மேரிலாந்து துணி இந்த வகையில் என்னை மிகவும் கவர்கிறது. அது யாரிடமும் எதையும் சொல்வதில்லை. அணிந்தவரின் வியர்வைக்கு மட்டும் பதில் சொல்கிறது. பேசும் ஆடையைவிட உதவும் ஆடைக்கு நம் ஆய்வுப் பணத்தில் பெரும்பங்கு போனால் நல்லது என்பேன்.

இவை எட்டாக் கனிகள் அல்ல. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கைத் தரும் திருப்பூர் நம் மாநிலத்தில் இருக்கிறது. தறியும் பஞ்சும் நூலும் அறிந்த கைகள் இங்கே இருக்கின்றன. சென்னையில் படித்த ஒருவரின் தலைமையில் அட்லாண்டாவில் நெய்ய முடிந்ததை நாம் இங்கே நெய்ய முடியாதா? முடியும். ஆனால் அங்கே படைவீரனுக்காக நெய்தார்கள். நாம் உப்பளத்துப் பெண்ணுக்காகவும் கட்டடக் கொத்தனாருக்காகவும் நெய்ய வேண்டும். படைவீரனின் சட்டை பேசினால் மருத்துவர் ஓடிவரக் கடமைப்பட்டிருக்கிறார். கொத்தனாரின் சட்டை பேசினால் ஓடிவரக் கடமைப்பட்டவர் யார் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் தறியில் பாவு பூட்ட வேண்டும்.

அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நாம் பல திசைகளுக்குப் பிரிந்து போகப்போகிறோம். ஒருவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம். ஒருவர் ஆலைக்குப் போகலாம். ஒருவர் தேர்வெழுதி அரசு அலுவலராகி, கோப்பில் கையெழுத்திடும் இடத்துக்கு வரலாம். ஆக, நம்மில் சிலர் இந்த ஆடையைச் செய்வோம். சிலர் அணிவோம். சிலர் அது சொல்லும் செய்தியைக் கேட்கும் நாற்காலியில் அமர்வோம். அந்த நாற்காலியில் அமரப்போகிறவர்களுக்காகவே இதை எழுதினேன்.